மிதிக்க மாட்டேன் என்ற ரோசம்மாள்

ரோசம்மாள் பிறந்தபோது முதலில் வெளியே வந்தவை அவளுடைய கால்கள். ராயப்பன்பட்டியில் அவளை எல்லோருக்கும் தெரிந்திருப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும். காலால் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்று கம்பம் பக்கத்தில் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. நாலு வயதிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய ஆட்களின் முதுகில் நிறுத்தினார்கள். முதுகு பிடித்துக்கொண்டவர் வெறும் வயிற்றோடு குப்புறப் படுக்க வேண்டும். அவள் வலது காலால் இடுப்பிலிருந்து தோள்பட்டைவரை மூன்று தடவை அழுத்தி மிதிப்பாள். நடுவில் எங்காவது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டால் சுற்றி நிற்பவர்கள் "விட்டுருச்சு" என்பார்கள். படுத்திருந்தவரும் எழுந்து, வலி விட்டதோ இல்லையோ, விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போவார். அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்ல முடியும்?

புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் வெளுத்து வாங்கினார். ஆறே மாதத்தில் பைக்கை ஸ்டாண்டு போடும்போது அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. சாமியார் முதுகில் கால் வைக்கலாமா கூடாதா என்று சர்ச் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை யோசித்துக்கொண்டிருந்தபோது, சாமியாரே குப்புறப் படுத்து, சீக்கிரம் ஆகட்டும் என்றார். அதற்குப் பிறகு பிரசங்கத்தில் அந்தப் பேச்சே வரவில்லை.

இப்போது ரோசம்மாளுக்கு நாற்பத்து நாலு வயது. கணவருக்குக் குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் வேலை, வாரம் ஒருமுறை வந்துபோவார். அவள் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுவாள், பழம் வெட்டுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள், தெரிந்துகொள்ளும்வரை யாரையும் விடவும் மாட்டாள். இந்தக் குணம்தான் அவள் தம்பியைக் காப்பாற்றியது என்று நான் சொல்வேன். ஊர் இன்னும் கால் விசேஷத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தம்பி ஆல்பர்ட் அவளுக்கு மூன்று வயது இளையவன். தந்தை வழியில் வந்த ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறான். இருபத்தைந்து வயதில் அவனுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முதுகுவலி, வேலை செய்தால் ஏறும், படுத்தால் இறங்கும். ஆல்பர்ட்டின் வலியோ தலைகீழ். படுத்தால் ஏறியது, எழுந்து நாலு வரிசை களை வெட்டினால் இறங்கியது. விடியற்காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு உடம்பு கட்டையாகக் கிடக்கும். மற்றவர்கள் வேலைக்கு டிமிக்கி கொடுக்க வலி என்பார்கள், இவனுக்கு வேலை செய்யாவிட்டால்தான் வலிக்கிறதாம் என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

வீட்டிலேயே காலால் பிறந்த அக்காவை வைத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போவானேன்? ஞாயிறுதோறும் பூசைக்கு முன்னால் ரோசம்மாள் தம்பியின் முதுகை மிதித்தாள். ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, எட்டு வருஷம். வருஷத்துக்கு வருஷம் அவன் முதுகு விறைத்து முன்னால் வளைந்தது, கழுத்தும் கூடவே வளைந்தது. எதிரே வருபவரைப் பார்க்க உடம்பையே பின்னுக்குச் சாய்க்க வேண்டியிருந்தது. தாழ்வான திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு முதுகு கூன் விழுவது இங்கே சகஜம் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதைப் பந்தல் கூன் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பிறகு என்ன காரணமோ, ஆல்பர்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்குச் சொல்ல ஆரம்பித்தான். மருந்தடிக்கணும் என்பான், கம்பத்தில் ஜோலி என்பான். ரோசம்மாளுக்குக் கோபம் வந்து இரண்டு மாதம் அவன் வீட்டுப் பக்கமே போகாமலிருந்தாள்.

விஷயத்தைக் கடைசியில் கண்டுபிடித்தவர் ஒரு கண் டாக்டர். முப்பத்தாறு வயதில் ஆல்பர்ட்டுக்கு வலது கண் ரத்தமாகச் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசியது. தேனியில் காட்டினார்கள். அந்த டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, காலையில் முதுகு விறைக்குமா என்று கேட்டார். கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் மனைவி அனிதா மேரிக்கு ஆச்சரியம். அவர்தான் மதுரையில் வாத நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்து, நோயின் பெயர் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்றார்கள். ஆல்பர்ட்டின் வாயில் அந்தப் பெயர் இன்றுவரை நுழையவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கிப் புண்ணாக்கி, கடைசியில் எலும்போடு எலும்பை ஒட்டவைத்துவிடுகிற வாதம் அது.

எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேனும் எடுத்தார்கள். அதில் இரண்டு பக்கம் இருந்தது. முதல் பக்கம் முதுகெலும்பு, நம்பர் பிரமாதம். ஆல்பர்ட் அதை எடுத்துக்கொண்டு போய் டீக்கடையில் காட்டினான். இருபது வயதுப் பையனின் எலும்பு என்று எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாம் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. அதில் இடுப்பு எலும்பு இருந்தது.

அடுத்த தடவை போகும்போது ரோசம்மாளும் கூடப் போனாள். டாக்டரம்மா இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, நாற்பது ஆகாத ஆளுக்கு எழுபது வயது எலும்பு என்றார். அப்படியென்றால் முதல் பக்கம் பொய்யா என்று ரோசம்மாள் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. "உங்க ஊர் உப்புத் தண்ணி ஓடுற பழைய இரும்புக் குழாயைப் பார்த்திருக்கீங்கதானே? மூட்டுக்கு மூட்டு கசிஞ்சு வெளியே உப்பு கட்டியாப் படிஞ்சிருக்கும். பார்க்கத் தடியாத் தெரியும். உள்ளே இரும்பு துருப்பிடிச்சு காகிதமாயிருக்கும். ஸ்கேன் அந்த உப்பையும் சேர்த்து எடை போட்டிருக்கு. இடுப்பில உப்பு இல்லை, அதனால அது உண்மையைச் சொல்லுது." வாதம் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்வரை எலும்பு கரைந்துகொண்டேதான் இருக்கும் என்றும், ஒட்டிப்போன முதுகெலும்புக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, சின்ன அடி பட்டாலும் முறியும் என்றும் விளக்கினார்.

பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, நடு முதுகில் ஒரு எலும்பைத் தொட்டுக் காட்டினார். அது நசுங்கி ஆறியிருந்தது. எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். ஆல்பர்ட் விழவில்லை என்றான். யாராவது நீவினார்களா, மிதித்தார்களா என்று கேட்டார். ஆல்பர்ட் அதற்கும் இல்லை என்றான்.

"நான்தான் மிதிச்சேன்," என்றாள் ரோசம்மாள். "எட்டு வருஷமா."

டாக்டரம்மா திட்டவில்லை. எதனால் நசுங்கியது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, இந்த நோயில் தானாகவே நசுங்குவதும் உண்டு என்றார். இனிமேல் ஒரு கைகூட முதுகில் அழுத்தக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அனிதா மேரி தூங்கிவிட்டாள். ரோசம்மாள் தம்பியிடம் எப்போது என்று ஒரே வார்த்தையில் கேட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"மூணு வருஷம் முன்னாடி, கிறிஸ்துமஸ் கழிஞ்ச ஞாயித்துக்கெழமை. டக்குன்னு ஒரு சத்தம். சித்தப்பால்லாம் விட்டுருச்சு விட்டுருச்சுன்னாக. எனக்கு மூச்சே நின்னுபோச்சுக்கா. மூணு மாசம் திரும்பிப் படுக்க முடியலை. நீ வெசனப்படுவேன்னுதான் சொல்லலை."

அந்தச் சத்தம் ரோசம்மாளுக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள். பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியபோது, இனிமேல் என்னிடம் எதையும் மறைத்தாயானால் செருப்பு பிஞ்சிடும் என்று மட்டும் சொன்னாள்.

மூலையில் உட்கார்ந்து அழுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. அடுத்த தடவை டாக்டரம்மாவிடம், இவன் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டு, பதிலை மூன்று தடவை சொல்லவைத்து, தானும் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினாள். விழுந்த பிறகு புதிதாக ஒரு வலி வந்தால், எழுந்து நடந்தாலும் சரி, முறிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதுகையோ கழுத்தையோ நேராக்கவே கூடாது. எந்த வளைவில் இருந்தாரோ அந்த வளைவிலேயே, அடியில் துணியோ எதையோ வைத்து அண்டக்கொடுத்துத் தூக்க வேண்டும். வெளியே நின்ற நோயாளிகள் முணுமுணுக்கும் அளவுக்கு ரோசம்மாள் நேரம் எடுத்துக்கொண்டாள்.

அதோடு ஊரில் மிதிப்பதையும் நிறுத்தினாள். ஒருவர் முதுகுக்குள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கென்ன தெரியும் என்றாள். காலையில் எவ்வளவு நேரம் விறைக்கிறது, கண் சிவக்குமா என்று வந்தவர்களிடம் கேள்வி கேட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். முதுகு பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். எல்லோரையும்விடக் கடுப்பானவர் ரோசம்மாளின் சித்தப்பா பங்கிராஸ். பிடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மிதிக்கக் கொடுத்துப் பழகிய முதுகு அவருடையது. ஆண்டவர் கொடுத்த காலை டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டாராக்கும் என்று கோயில் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார்.

ஆல்பர்ட் தேறினான். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ஊசியைப் போட ஆரம்பித்த நாலாம் மாதத்திலிருந்து காலை விறைப்பு அரை மணியாகக் குறைந்தது. பீடி எலும்பைத் தின்னும் என்றதும் பீடியை விட்டான், அனிதா மேரி கோயிலில் நேர்ந்துகொண்ட முதல் பொருத்தனையே அதுதானாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, எலும்புக்கென்று வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து, வாய்க்கால் கரையில் தினமும் ஒரு மணி நேர நடை என்று நாலைந்து வருஷம் ஒழுங்காக ஓடியது. அடுத்த ஸ்கேனில் இடுப்பு நம்பர் ஓர் இம்மி ஏறியிருந்தது. கூன் நிமிரவில்லை, நிமிராது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வலி இல்லை, வேலை நடந்தது, அதனால் ஊரும் நோயை மறந்தது.

இந்த வருஷம் தை மாதப் பழ வெட்டின்போது, காலை பத்து மணி இருக்கும், ஆல்பர்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் சொட்டுநீர்க் குழாய் கசிந்த சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். வெறுமனே உட்கார்ந்த வாக்கில் விழுந்ததுதான். சிரித்துக்கொண்டே எழுந்தான், பெட்டியையும் கொண்டுபோய் வைத்தான். கால் மணி நேரத்தில் கழுத்துக்குக் கீழே சுருக்கென்று ஆரம்பித்தது. படுத்துக்கொள்கிறேன் என்றான். தார்ப்பாயை விரித்துப் படுக்கவைத்தார்கள். பங்கிராஸ் தன் தோட்டத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, இது பிடிப்பு என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்த ரோசம்மாளுக்கு ஆள் போனது.

அவள் ஓடி வந்தபோது நாலைந்து பேர் ஆல்பர்ட்டைச் சுற்றி நின்றார்கள். மல்லாந்து கிடந்தான். வளைந்த கழுத்து என்பதால் தலை தரையில் படாமல் அரை அடி உயரத்தில் நின்றது. வேலைக்கு வந்திருந்த கருத்தக்கண்ணன், நல்ல மனுஷன், தலை அந்தரத்தில் நிற்கிறதே என்று பாவம் பார்த்து நெற்றியில் கைவைத்து மெதுவாகக் கீழே அழுத்திக்கொண்டிருந்தார். ரோசம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பழம் பொதிய வைத்திருந்த பேப்பர்க் கட்டுகளை இழுத்து, மேலே தன் துண்டை மடித்துப் போட்டு, தலைக்கும் தோளுக்கும் கீழே இடைவெளி இல்லாமல் அண்டக்கொடுத்தாள். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னாள்.

"எதுக்கு ஆம்புலன்ஸு?" என்றார் பங்கிராஸ். "குப்புறப் போட்டு ஒரு மிதி மிதிச்சுவிடு ஆத்தா. சொந்தத் தம்பிக்குக்கூடவா கால் வலிக்குது ஒனக்கு?"

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. தம்பியின் பாதங்களைத் தொட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மரமரன்னு இருக்குக்கா, ஒன் கை ஏதோ தூரத்துல இருக்க மாதிரி இருக்கு என்றான். அதைக் கேட்டதும் அனிதா மேரிக்கு உயிரே போய்விட்டது. வெட்டுக் கத்திரியைப் போட்டுவிட்டு வந்து நாத்தனாரின் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"மதினி, ஒரு தடவை. ஒரே ஒரு தடவை மிதிங்க. கால் வெளங்காமப் போயிருச்சுன்னா நானும் பிள்ளையும் என்ன செய்வோம்? இத்தனை பேருக்கு மிதிச்சீகளே."

சுற்றி நின்ற அத்தனை கண்களும் ரோசம்மாளின் கால்களைத்தான் பார்த்தன. மிதித்துவிட்டால் ஊர் கும்பிடும். மிதிக்காமல் தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த ஊரில் இருக்க முடியாது. தான் சொல்வதுதான் சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் பயமாக இருந்தது.

"மிதிக்க மாட்டேன்," என்றாள். "ஒரு தடவை மிதிச்சு இவன் எலும்பை ஒடைச்சவ நான். அந்தச் சத்தத்துக்குத்தான் நீங்கல்லாம் விட்டுருச்சுன்னீக. இன்னைக்கு எவனாச்சும் இவனைத் திருப்புனா, அவன் கையை ஒடிச்சுப்புட்டுத்தான் மறுசோலி."

பங்கிராஸ் ஓரடி பின்னால் நகர்ந்தார். அனிதா மேரி கையை எடுத்துக்கொண்டு, இவருக்கு ஏதாவது ஆனால் சாகும்வரை உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாள். ரோசம்மாள் சரி என்றாள். தம்பியின் தலைமாட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர் கார்த்திக்ராஜ் என்ற சுறுசுறுப்பான ஆள். முதுகில் அடி என்றால் பலகையில் நேராகப் படுக்கவைத்துக் கழுத்துக்குப் பட்டை போட வேண்டும், அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான், அது சரியானதும்கூட. ஆனால் அது நேரான முதுகுக்கு. ரோசம்மாள் மதுரையில் ஒப்பித்ததை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் ஒப்பித்தாள். இவன் முதுகு பத்து வருஷமாக வளைந்தே இருக்கிறது, அந்த வளைவை நேராக்கினால் முறிந்த இடம் வாயைப் பிளக்கும் என்றாள். கார்த்திக்ராஜ் தயங்கி, போனில் ஒரு டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டார். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார். அம்மா சொல்கிறபடியே தூக்குங்கள் என்றார். பேப்பர்க் கட்டும் துண்டுமாக ஆல்பர்ட் கிடந்தபடியே வண்டியேறினான். தேனிவரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் ரோசம்மாள் டிரைவருக்கு முன்கூட்டியே குரல் கொடுத்தாள். அனிதா மேரி எதிர் சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபமாலை உருட்டினாள்.

தேனியில் ஸ்கேன் எடுத்ததும் முறிவு தெரிந்தது. மேல் முதுகில் ஒட்டிப்போன எலும்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை குறுக்கே முறிந்திருந்தது. அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள். மறுநாள் கம்பியும் திருகாணியும் வைத்து ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் முடித்து வந்த டாக்டர், தண்டுவடத்துக்கும் முறிந்த எலும்பின் முனைக்கும் நடுவே ஓர் அரிசி அகலம்தான் மிச்சம் இருந்தது என்றார். தலையைக் கீழே அழுத்தியிருந்தாலோ, முதுகில் யாராவது கை வைத்திருந்தாலோ இரண்டு காலும் போயிருக்கும், மூச்சுக்கும் ஆபத்துதான். இப்போதும் கால் முழுக்க உணர்வு திரும்புமா என்று ஒரு வாரம் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

அனிதா மேரி அதைக் கேட்டுவிட்டு, வராந்தாவில் ரோசம்மாளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, சாப்பிடுங்க மதினி, நேத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடலை நீங்க என்றாள். இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் பங்கிராஸ் வந்தார். ஆல்பர்ட்டைப் பார்த்தார், அரை மணி நேரம் உட்கார்ந்தார், கால் பேச்சையோ மிதி பேச்சையோ எடுக்கவில்லை. கிளம்பும்போது ரோசம்மாளைத் தனியே கூப்பிட்டு, எலும்புக்கு நம்பர் போடும் அந்த ஸ்கேன் எந்த மாடியில் எடுக்கிறார்கள் என்று விசாரித்தார். இரண்டாம் மாடி என்று சொல்லி, முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீக என்றும் சொல்லி அனுப்பினாள்.

உணர்வு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஆனால் பாதம்வரை வரவில்லை. பாதத்தில் ஊசியால் குத்தினால் ஆல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு, குத்துகிறார்களா இல்லையா என்று யோசித்தான். ரோசம்மாள் தினமும் அந்த யோசனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வார்டில் இருந்த எல்லோருக்கும் தைரியம் சொன்னாள். அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை திடமாக இருந்தாள்.

எட்டாம் நாள் காலையில் பிசியோதெரபி செய்யும் பெண் வாக்கரோடு வந்தாள். ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் அனிதா மேரி. ஆல்பர்ட் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, காலைத் தொங்கவிட்டு, மெல்லத் தரையில் ஊன்றினான். அப்போதுதான் வார்டைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் எழுந்து நின்று, கைகளால் வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் அசையாமலே இருந்தான்.

"அக்கா," என்றான். "தரை சில்லுன்னு இருக்கு."

தோட்டத்திலிருந்து மதுரைவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ரோசம்மாள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். மற்ற நோயாளிகள் பயந்துபோகிறார்கள், அழுவதானால் வெளியே போய் அழுங்கள் என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டாள். ரோசம்மாள் நகரவில்லை.